தாய்மாமனுக்கு ஒரு பதில்

அகில உலகச் சிறுவர் அரண் என்ற சங்கத்துக்கு உலகம் முழுவதிலும் ஒரே ஒரு கிளைதான். அது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தலைவர் கதிர்காமநாதனின் வீட்டு முன்னறையில் இயங்கியது. அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். எதையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போட்டே அந்த உயரத்துக்குப் போனவர்.

சம்பளம் வாங்கும் ஒரே ஊழியர் சுபோதினி. கடிதம் எழுதுவது, அறிக்கை எழுதுவது, தலைவரின் பேச்சை எழுதுவது, பேச்சு முடிந்ததும் முதல் ஆளாகக் கைதட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு.

அன்று ஆபிரிக்கச் சிறுவர் தினம். பத்து மணிக்குப் பக்கத்து மண்டபத்தில் விழா. ஒன்பதரைக்குத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளறன்ஸ் பதாகையை ஆட்டோவில் வளைத்துத் திணித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பதினைந்து வருடமாகச் சங்கத்துக்கு அச்சடிப்பவர் அவர்தான்.

மேடையில் விரித்துக் கட்டியபோது முதலில் தெரிந்தது தலைவர். இடுப்புக்கு மேலே மட்டும் ஏழடி. பக்கத்தில், ஓரடி குறைவாக, பிரதம விருந்தினர். தலைவரின் முழங்கைக்குக் கீழே ஒரு சிறுமி.

"பிள்ளைய கொஞ்சம் பெருசா போடவான்னு கேட்டேன் மிஸ்," என்றார் கிளறன்ஸ். "ஐயா இடம் இல்லைன்னுட்டாரு."

சுபோதினி அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பன்னீர்ச் செம்பு சாய்ந்து சேலை நனைந்துகொண்டிருந்தது.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். கென்யாவில், பெரிய ஏரிக்கரை ஒன்றில் சின்னதாக ஓர் அமைப்பு நடத்தும் அத்தியேனோ என்ற பெண் அனுப்பிய அறிக்கையில் இருந்த முகம். மீட்கப்பட்ட சிறுமிகளை ஒளித்துவைத்துக் காக்கும் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. எப்படிக் காக்கிறார்கள் என்று கேட்டு எழுதியதே சுபோதினிதான். முதல் பக்கத்தில் சிவப்பில் போட்டிருந்தார்கள்: முகமோ பெயரோ இடமோ வெளியே போகக்கூடாது, நீதிமன்றக் கட்டளை. அந்தக் கோப்பைத்தான் பேச்சுக்கு உதவும் என்று போன கிழமை தலைவரிடம் கொடுத்திருந்தாள்.

தலைவர் புது வேட்டி சரசரக்க வந்தார்.

"சேர், இந்தப் படம்..."

"நீர் தந்த ஃபைலிலதான் கிடந்தது. கண்ணைப் பாரும். பாக்கிற ஆருக்கும் நெஞ்சு உருகும்."

"வெளியில விடக்கூடாதெண்டு சிவப்பில போட்டிருந்ததே!"

"பெரிய எழுத்தில கிடந்தது. நான் தலைப்பாக்கும் எண்டு விட்டிட்டன்."

"இப்பவே கழட்டச் சொல்லுங்கோ சேர்."

"ஏன் பிள்ளை பதறுறீர்? கென்யாவில இருக்கிற பிள்ளையை வெள்ளவத்தையில ஆர் அடையாளம் பிடிக்கிறது? மாக்கற்றுக்கு மீன் வாங்க வாறவையே?"

அது சரிதானே என்று ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சையும் தலைவரே நிறுத்தினார்.

"அங்கயும் தெரியத்தானே வேணும் எண்டு இந்தப் படத்தைப் பேஸ்புக்கில போட்டனான். காசு கட்டினா எந்த நாட்டுக்கும் அனுப்புவாங்களாம். மருமகன் கென்யாவைத் தெரிஞ்சு அமத்தித் தந்தவர். அங்க நாலாயிரம் பேர் பாத்திருக்கினம்! எங்கட ஒழுங்கையில ஆறு பேர்." குரலைத் தணித்தார். "இன்னொண்டு கேளும். மேடையில சொல்லுவம் எண்டு ஒளிச்சு வைச்சனான். அந்தப் பிள்ளையின்ர தாய்மாமன் எழுதியிருக்கிறார். அக்காவின்ர மகளாம், ஒரு வருசமாத் தேடுறாராம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு."

"நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"தாய்மாமன் பிள்ளை! பெட்டை பெரியபிள்ளையானா சாமத்திய வீட்டில முதல் தண்ணி வாக்கிறது ஆர்? என்ர தங்கச்சியின்ர மூண்டு பெட்டையளுக்கும் நான்தானே வாத்தனான். பெத்த தகப்பனிட்டக்கூட ரெண்டு கேள்வி கேக்கலாம், தாய்மாமனிட்டக் கேக்கேலுமே? நேற்றுப் பின்னேரமே ஃபைலில கிடந்த விலாசத்தை அனுப்பினனான். அந்தாள் அலையக்கூடாதெண்டு, படத்தில கிடந்த பச்சைக் கேற்றையும் சொன்னனான்."

தலைக்கு மேலே மின்விசிறிகள் சுற்றுவது சுபோதினிக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"சேர்," என்றாள். "அந்த மாமன்தான் பிள்ளையை வித்தது. மீன் பிடிக்கிறவங்களுக்கு. அவருக்கு எதிராத்தான் வழக்கு. நாலாம் பக்கத்தில இருக்கு."

தலைவர் பதாகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மூண்டாம் பக்கம் வரைக்கும்தான் வாசிச்சனான்," என்றார். "பேச்சுக்கு அவ்வளவும் போதும்."

வாசலில் பிரதம விருந்தினரின் வாகனக் கதவு சாத்தப்பட்டது. தலைவர் திடுக்கிட்டு முகத்தைத் துடைத்து, விழாவுக்குரிய சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

சுபோதினி மண்டபத்துக்குப் பின்னால், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்று அத்தியேனோவை அழைத்தாள். அங்கே காலை ஏழேகால். பின்னணியில் பாத்திரங்கள் தட்டுப்பட்டன, சிறுமிகள் சிரித்தார்கள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிந்ததும் அந்தச் சிரிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தியேனோ கத்தவில்லை. எத்தனை மணிக்கு அனுப்பினார், விலாசம் முழுதாகவா, என்று இரண்டே கேள்வி. பிறகு அந்தப் பக்கம் யாருக்கோ அவர்களுடைய மொழியில் கட்டளைகள் பறந்தன. ஒரு கதவு இழுபட்டது, சிரிப்பு நின்றது.

"பதிவை அழி. உனக்கு இருப்பது அந்த ஒரு வேலை. உங்களோடு கோபப்பட இப்போது எனக்கு நேரமில்லை," என்றாள்.

பதிவு தலைவரின் கைபேசியில் இருந்தது. கைபேசி தலைவரின் சட்டைப் பையில் இருந்தது. தலைவரோ மேடையில், குத்துவிளக்கின் முன்னால், பிரதம விருந்தினருக்கு மெழுகுதிரியை நீட்டிக்கொண்டிருந்தார். மங்கல விளக்கேற்றும்போது குறுக்கே யாரும் போவதில்லை. சுபோதினி போனாள். முன்வரிசையில் யாரோ "ச்சீ" என்றார்கள்.

"சேர், போனைத் தாங்கோ."

தலைவரின் முகம் மலர்ந்தது. படம் எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். விரல் வைத்துத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து, பிரதம விருந்தினரின் தோளோடு தோள் சேர்த்துப் புன்னகைத்தார். மற்ற விருந்தினர்களும் நெருங்கி நின்றார்கள். அவர்கள் அத்தனை பேரும் சிரித்தபடி அசையாமல் நிற்க, சுபோதினி பதிவைத் தேடி அழித்தாள். தாய்மாமனுக்கு எழுதிய பதில் அங்கே கிடந்தது. கீழே அவன் ஓர் இதயக்குறி போட்டிருந்தான். அதையும் அழித்தாள். அவன் வாசித்ததை அழிக்க வழியில்லை.

"வந்துதா?" என்றார் தலைவர், உதடு அசையாமல்.

"வந்திட்டுது சேர்."

திரும்பியபோது கிளறன்ஸ் கயிறறுக்கும் கத்தியோடு பதாகையின் பின்னால் நின்றார். பன்னீர்ச் செம்பைப் போட்டுவிட்டு அவள் ஓடியதிலிருந்தே அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"முழுசா இறக்குனா ஐயாவும் போயிருவாரு, மிஸ். பரவாயில்லையா?"

"முழுசா இறக்குங்கோ."

ஏழடித் தலைவர் சரிந்து விழுந்தபோது சபை எழுந்தது. காற்று என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் அமர்ந்தார்கள்.

பதினொன்றரைக்குத் தலைமையுரை. வழக்கமாக அவள் முன்வரிசையில் இருப்பாள், கைதட்டலைத் தொடக்கிவைக்க. அன்று கதவோரம் நின்று தன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தியேனோவின் செய்தி வந்தது.

பதினொரு பிள்ளைகளையும் இடம் மாற்றிவிட்டோம். இங்கத்தைய நேரம் எட்டு ஐம்பதுக்கு மூன்று பேர் காரில் வந்தார்கள். வீடு காலி. இரண்டு வருடமாகத் தேடிப் பிடித்த வீடு, இனி உதவாது.

சுபோதினி சுவரில் சாய்ந்தாள். மேடையில் தலைவர், எல்லைகள் கடந்து ஒரு குழந்தையின் கண்ணீரைத் துடைக்கும் கைகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் வரையிலான விஷயங்கள்.

அடுத்த செய்தி வந்தது. மாமா எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிள்ளை கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

சுபோதினி சங்கத்தின் வழக்கப்படி தொடங்கினாள். தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட... அழித்தாள். எமது சங்கம் ஆழ்ந்த கவலையுடன்... அதையும் அழித்தாள்.

நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று சொல்லுங்கள், என்று எழுதினாள். கோப்பைக் கொடுத்தது நான்.

அனுப்பினாள். மேடையில் பேச்சு முடிந்தது. தலைவர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, முதல் கைதட்டலுக்காக அவள் பக்கம் பார்த்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.