கேனில் வந்த கடல்

ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் கைலாசம், தன் வீட்டுக் கக்கூஸ் தொட்டியை உறிஞ்சி எடுத்ததற்காகக் காத்தானுக்குத் தரவேண்டிய கூலி. ஆடி பிறந்தபோது செய்த வேலை. ஆவணி வந்தும் கடன் தீரவில்லை.

தரமாட்டேன் என்று கைலாசம் சொல்லவில்லை. தந்தாகிவிட்டது என்றார். கழிவு லாரிக்காரன் கையில் கைபடப் பணம் கொடுப்பது அந்த வீட்டு வழக்கமில்லை. காம்பவுண்டுச் சுவர்மேல் நோட்டை வைத்து, அதன்மேல் கல்லை வைத்து, தள்ளி நின்றுகொள்வார். அன்றைக்குக் கல்லை மறந்துவிட்டார். காத்தான் குழாயைச் சுருட்டி லாரியில் போட்டுவிட்டு வருவதற்குள், கைலாசத்தின் வெள்ளாடு முன்னங்காலைச் சுவரில் ஊன்றி மொத்தத்தையும் மென்று முடித்திருந்தது.

இப்போது மழையில் அதே தொட்டி பொங்கி, வாசல் கோலத்தை நோக்கி நடைபோட்டது. மகள் அபிநயாவைப் பெண் பார்க்க நாமக்கல்லிலிருந்து கோழிப்பண்ணைக்காரர்கள் வேறு கிளம்பிவிட்டார்கள்.

"ஏனுங்க, எலச்சிபாளையம் தாண்டிட்டாங்களாம்!" மனைவி தேவிப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "சாம்பிராணி போட்டா, சாம்பிராணியவே நாத்தம் முழுங்குது!"

காத்தான் வந்தார். லாரியை நிறுத்தினார். குழாயை மட்டும் இறக்கவில்லை.

"என்னடா காத்தா, வேடிக்கை பாக்கற? பைப்பப் போடு." காத்தானைவிடக் கைலாசம் பத்து வயது இளையவர்.

"பழைய கூலி வரட்டுங்க. செவுத்துல வேண்டாங்க, என்ற கையில குடுங்க."

"அதான் அன்னைக்கே வெச்சனே!"

"உங்க ஆடு தின்னுருச்சுங்களே."

"உன்ற பணத்தத்தான தின்னுச்சு? ஆட்டுக்கிட்டக் கேளு."

"கேட்டனுங்க. புழுக்கதான் போட்டுச்சு."

ஜன்னலுக்குள் அபிநயா சிரித்தது கேட்டது. காத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. லாரி டயர் நூல் தெரியத் தேய்ந்து கிடந்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் வேறு டயருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஆடியில் அள்ளியதை நகராட்சி சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறேன் என்றபோது, அங்கே கட்ட வேண்டிய இருநூறு ரூபாயைக் கைலாசம் தர மறுத்தார். "எதுக்குடா தண்டம்? ஓடையில உடு. ஆத்துக்குப் போவும், காவேரிக்குப் போவும், கடலுக்குப் போயிரும். கடல் என்ன நம்ம சம்பந்தியா, கோவிச்சுக்கறதுக்கு?" காத்தானும் அப்படியே செய்து தொலைத்தார். மறுநாள் ஓடையில் கெண்டைகள் வயிறு தெரிய மிதந்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மீன்குழம்பு இறங்கவில்லை.

"கையிலயே குடுத்துத் தொலைங்க, கார் வந்துரும்!" என்றாள் தேவிப்ரியா.

கைலாசம் உள்ளே போய், பால் சட்டி இறக்கும் இடுக்கியில் நோட்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். காத்தான் இடுக்கியை ஒதுக்கிவிட்டு நோட்டைப் பற்றினார். அவர் விரல் கைலாசத்தின் மணிக்கட்டில் பட்டுவிட்டது.

"தொட்டுட்டியேடா!" கைலாசம் ஓடிப்போய் ஒரு கேனைத் தூக்கிவந்தார். "ஆடி அமாவாசைக்குப் பூம்புகார்ல முழுகிக் கொண்டாந்த தண்ணி. காவேரி கடல்ல சேர்ற எடம். எந்தத் தீட்டும் நிக்காது!" தலையில் ஊற்றினார், வீட்டுக்குள் தெளித்தார், ஒரு மடக்குக் குடிக்கவும் செய்தார்.

காத்தான் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாக் குடிங்க. ஓடையில உட்டாக் கடலுக்குப் போயிரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க? நானும் அனுப்பி வெச்சேன். நீங்க போயி கேன்ல திரும்பக் கொண்டாந்துட்டீங்க."

கைலாசம் கேனைக் கீழே போட்டுவிட்டுக் காறித் துப்பினார்.

"ஏனுங்க," தேவிப்ரியா மெல்லக் கேட்டாள், "காலையில பலகாரத்து மேலயும் தெளிச்சனுங்களே?"

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"பைப்பப் போடு காத்தா! ரெண்டு மடங்கு தாரேன்!"

"இந்தப் பணமே வேண்டாங்க. போன சரக்கு ஊடு வந்து சேந்துருச்சு. செய்யாத வேலைக்குக் கூலி எதுக்குங்க? கடன் தீந்துது." காத்தான் லாரியில் ஏறினார். "இனி கையில குடுக்கறதுன்னாக் கூப்புடுங்க, வாரேன். சரக்கு நகராட்சிக்குத்தான் போவும்."

ஏறும் முன்பே நோட்டுகளை அவர் சுவர்மேல் வைத்திருந்தார். கல் வைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்தியபடி இறங்கும்போது, ஆடு சுவரில் முன்னங்காலை ஊன்றியது.