கொசுறை வெட்டிய பட்டதாரி

வெள்ளிக்கிழமைக்குள் ஹெர்மெலிந்தாவின் கையெழுத்து கிடைக்காவிட்டால் ரென்சோவுக்குப் பட்டமில்லை. பட்டமில்லையென்றால் லீமா வங்கியில் அவனுக்காகக் காத்திருக்கும் நாற்காலியும் இல்லை.

அரெக்கிபா நகரத்தில் அவன் படித்த மேலாண்மைக் கல்லூரியில் போன வருடம்தான் புது விதி வந்திருந்தது. மாணவன் ஒரு வாரம் ஒரு சிறு வியாபாரிக்கு உதவ வேண்டும். ‘இவனால் சமூகத்துக்கு என்ன நன்மை?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதி, பாஸா ஃபெயிலா என்று வியாபாரியே கையெழுத்துப் போட வேண்டும்.

ரென்சோவுக்கு வாய்த்தது சந்தையின் பழச்சாறு வரிசையில் ஹெர்மெலிந்தா நடத்தும் பதினேழாம் கடை.

திங்கட்கிழமை, அரை மணி நேரத்திலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு தம்ளர் பப்பாளிச் சாறு கேட்டால் ஹெர்மெலிந்தா ஒன்றரைத் தம்ளருக்கு அடித்தாள். குடித்து முடித்ததும் மிச்சத்தைக் கொசுறாக ஊற்றினாள். கேட்காதவர்களுக்கும்.

“மூணுல ஒரு பங்கு சும்மா போகுதும்மா. நிறுத்திடுங்க.”

“நிறுத்திடலாம் ராசா. எனக்குத்தான் வாய் வராது. நீயே சொல்லிடு.”

ஏப்ரனைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். அவள் முகத்தில் பால் வடிந்தது. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் டாக்ஸி ஓட்டும் ஃபெர்மின். முட்டையும் கறுப்பு பீரும் போட்ட ஸ்பெஷலை உறிஞ்சிவிட்டுத் தம்ளரை நீட்டினார்.

“கொசுறு கிடையாது சார்.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. “ஏக்கா, யாராச்சும் செத்துட்டாங்களா?”

“யாரும் சாகல. தம்பி படிச்சிருக்கு.”

“அடப் பாவமே.”

செவ்வாயன்று ஸ்டூல்களில் பாதி காலி. புதனன்று ஓர் ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது. எதிர்வரிசையில் நாட்டிவிதாத் என்பவளின் சாறுக் கடையில் நிற்க இடமில்லை.

“இப்ப என்னம்மா பண்றது?”

“என்னைக் கேட்டா? நான் எட்டாங்கிளாஸ்.”

வியாழனன்று வெட்கத்தை விட்டு எதிர்க்கடைக்குப் போனான். ஃபெர்மின் பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தான். முதல் தம்ளரை எல்லோரும் பேசாமல் மடக்மடக்கென்று குடித்தார்கள். கொசுறு விழுந்த பிறகுதான் வாய்கள் திறந்தன. ஒரு நர்ஸ், நடக்க முடியாமல் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். ஃபெர்மின் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒப்புக்கொண்டார். ஒரு கொத்தனாருக்கு வேலை அமைந்தது. எல்லாம் அந்த அரைத் தம்ளருக்குள்.

ரென்சோ எழுந்து நின்றான். “நாளைலேருந்து பதினேழாம் கடைல கொசுறு உண்டு. தப்பு என்னோடது.”

“இன்னும் ரெண்டு நாள் கழிச்சு உனக்குப் புத்தி வரக்கூடாதா?” என்றாள் நாட்டிவிதாத்.

வெள்ளியன்று ஸ்டூல்கள் நிறைந்தன. படிவத்தை நீட்டினான்.

“கண்ணாடி கொண்டாரல. என்ன தோணுதோ நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்.”

விற்பனை உயர்ந்தது என்று ஒரு வரி. போதும், வங்கி நாற்காலி சொந்தம். பேனா காகிதத்தைத் தொடாமல் கொஞ்ச நேரம் அலைந்தது. பிறகு எழுதினான்: ‘கொசுறு என்னவென்று புரிந்துகொள்ளாமலே வெட்டினேன். மூன்று நாள் கடை படுத்தது. நன்மை அடைந்தது எதிர்க்கடை.’

ஹெர்மெலிந்தா ஏப்ரன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்து எழுத்தாகப் படித்தாள். பாஸ் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

“நிஜமாவே பாஸாம்மா?”

“ஃபெயில் போட்டா அடுத்த வருஷமும் உன்னையே அனுப்பிடுவாங்களே, ராசா.”