இரண்டு கேம்ஷாஃப்டும் ஒரு பிரசவத் தேதியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பெர்னிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அகப்பட்டது. பெர்னிஸ் மலேசியாவின் கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக்காரி, கணக்கு ஆசிரியை, அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. தட்டு வைக்க இடம் தேடி, தொட்டில் துணியில் சுற்றியிருந்த எதையோ தூக்கினேன். அப்படியொரு கனம்!

“அண்ணே, மெதுவா! அது கேம்ஷாஃப்ட்!”

என் சட்டையெல்லாம் எண்ணெய். கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா என்னைப் பாவம்னு எழுதிடாதீங்க லா.”

2

கிள்ளான் ஆற்றின்மேல் மழை கறுத்துவந்த அந்த மாலையில், பெர்னிஸின் கண்களில்…

(மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணோரம் இருந்தது கிரீஸ்.)

இயந்திரத்துக்கும் ஓர் இதயம் உண்டு என்பதை…

(போதும்.)

நேராகவே வருகிறேன். பெர்னிஸிடம் ஒரு 1969 மஸ்டாங் கார் இருந்தது. அதன் எட்டு சிலிண்டர் வி-எட்டு இன்ஜின் பிரிக்கப்பட்டு வாசலில் கிடந்தது. பிள்ளை மருத்துவமனையிலிருந்து இந்தக் காரில்தான் வீட்டுக்கு வரும் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இன்ஜின் எப்படி மூச்சுவிட வேண்டும் என்று தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று முரடு. நின்ற இடத்திலேயே காரைக் குலுக்கி உறும வைக்கும்; திறந்த சாலையில் பறக்கும். ஆனால் நெரிசலில் ஊரும்போது இன்ஜினின் உறிஞ்சு விசை குறைந்துவிடும். பிரேக்குக்குக் கை கொடுப்பதே அந்த விசைதான். அது குறைந்தால் பிரேக் கல்லாக இறுகும். மற்றது சாது. உறுமாது, நிற்கச் சொன்னால் நிற்கும்.

பெர்னிஸ் முரட்டுக்கே ஆசைப்பட்டாள். அதற்குத் தோதான கார்புரேட்டர், வால்வு ஸ்பிரிங் எல்லாம் வாங்கியும் ஆயிற்று.

3

இவளை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். காரணம் கேட்டேன். முரட்டுக் கேம் போட்ட ஒருவருடைய காரில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாளாம்.

“உறுமின உடனே வயித்துக்குள்ளேருந்து பிள்ளை ஒரு உதை விட்டுச்சு பாருங்க அண்ணே! நான் அழுதுட்டேன்.”

உடனே எழுதிவிட்டேன், பெர்னிஸ் முரட்டைத் தேர்ந்தெடுத்தாள் என்று. வாசித்துக் காட்டியபோது அவள் கணவன் ஜோனத்தன் கைதட்டினான். பெர்னிஸ் தட்டவில்லை.

“ஃபெடரல் ஹைவே ஜாம்ல முன்னால லோரி சடக்குனு நின்னா?”

“ரெண்டு காலாலயும் மிதிக்கறேன் மா,” என்றான், மைவி என்ற சின்னக் காரையே தேர் இழுப்பதுபோல் ஓட்டுகிற ஜோனத்தன்.

(மாற்று முடிவு: உறிஞ்சு விசைக்குத் தனியாக ஒரு பம்பு வைத்தால் உறுமலும் கிடைக்கும், பிரேக்கும் கிடைக்கும். இணையத்தில் படித்துச் சொன்னேன். “பிள்ளையோட முதல் பயணம் லா இது, பரிசோதனை இல்ல,” என்று அந்த முடிவை அடித்துவிட்டாள்.)

“எல்லாத்தையும் பெருசு பெருசா வாங்கினேன். எந்த ரோட்டுல ஓட்டப் போறோம்னு யோசிக்கவே இல்ல,” என்றாள்.

மழையும் இதயமுமாக நான் எழுதிய முதல் வரிகள் நினைவுக்கு வந்தன.

சாது உள்ளே போனது. கார்புரேட்டரும் ஸ்பிரிங்கும் சின்னதாக மாறின. பெர்னிஸ் கொஞ்சம் அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

4

மகள் பிறந்தாள். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஜோனத்தன் மஸ்டாங்கை ஓட்ட, பின்னிருக்கையில் தாயும் பிள்ளையும். பின்னால் டயப்பர் மூட்டைகளோடு ஜோனத்தனின் மைவியில் நான்.

ஃபெடரல் ஹைவேயில் லோரி சடக்கென்று நிற்கத்தான் செய்தது. மஸ்டாங் அலுங்காமல் நின்றது. நான்தான் இடிக்கப் பார்த்தேன். பின் கண்ணாடியில் பெர்னிஸின் கட்டைவிரல் உயர்ந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையோ இத்தனைக்கும் தூக்கம். கதையின் உச்சக்கட்டத்தில் ஓர் உறுமல்கூட இல்லை!

ஷா ஆலம் தாண்டியதும் சாலை காலியானது. ஜோனத்தன் கண்ணாடியில் மனைவியைப் பார்த்து, “கொஞ்சம் மிதிக்கவா மா?” என்று கேட்டானாம். சாதுவானாலும் வி-எட்டு அல்லவா. பெர்னிஸ் மகளைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள்…

என்ன சொன்னாள் என்று இருவருமே வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். பின்னால் போன நான் பார்த்திருப்பேனே என்பீர்கள். பார்த்தேன். ஆனால் பெர்னிஸின் மாமியார் என் கதைகளை ஒன்றுவிடாமல் படிக்கிறவர். அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது, எனக்காக அவர்கள் ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.