பழுப்புத் தொப்பி ஏறிய நாள்

பந்தயக் குதிரை பழக்கும் மலக்கி டூஹியின் தலையில் பழுப்புத் தொப்பி ஏறினால், அன்று அவன் குதிரை ஜெயிக்கத்தான் ஓடுகிறது என்று அர்த்தம். மற்ற நாளெல்லாம் அழுக்குத் தட்டைத் தொப்பிதான். வாயைத் திறந்து அவன் யாருக்கும் துப்பு சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஊர் ஜனங்கள் தொப்பியைப் பார்ப்பார்கள், போய்ப் பந்தயம் கட்டுவார்கள். அயர்லாந்தில், கிளேர் கவுண்டியின் அந்த மூலையில் பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம். தொப்பி சில சமயம் தோற்றிருக்கிறது. பொய் சொன்னதில்லை.

ஏப்ரல் கடைசியில் கிறிஸ்டி லிலிஸ் செத்துப்போனார். பக்கத்து வீட்டுக்காரர். தினமும் காலையில் மலக்கியின் வேலிக்கதவில் சாய்ந்து நின்று, ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நொட்டை சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். கில்பாஹா என்ற பழுப்புக் குதிரையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அதுவே பெரிய பாராட்டு.

சவப்பெட்டி தூக்க மலக்கி தட்டைத் தொப்பியோடு கிளம்பியபோது மனைவி பெர்னி வாசலை மறித்தாள்.

"சாணி நாத்தம் அடிக்கிற இதப் போட்டுட்டா சாவுக்குப் போற? மானத்த வாங்காத. நல்லத எடு."

பழுப்புத் தொப்பியை எடுத்தான். அடக்கம் முடிந்ததும் நேரே பந்தயத் திடலுக்குப் போகவேண்டும், மூன்று மணிக்குக் கில்பாஹா ஓடுகிறது என்பதெல்லாம் அவன் மண்டைக்குள் இருந்தது. மண்டைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதைத்தான் மறந்து தொலைத்தான்.

கில்பாஹா அன்று ஜெயிக்கக் கூடாது. காரணம் சின்னது. தடை தாண்டும் பந்தயத்தில் இதுவரை ஒரு தடவைகூட ஜெயிக்காமல் ஒரு குதிரை பருவத்தை முடித்தால், அடுத்த பருவம் முழுக்க அது புதுமுகம். புதுமுகங்களோடு மட்டும் ஓடிப் பரிசுகளை அள்ளலாம். ஜெயித்துவிட்டாலோ, அது பருவத்தின் கடைசி நாளாகவே இருந்தாலும், அடுத்த பருவத்தில் பழம் தின்று கொட்டை போட்ட குதிரைகளோடு முட்டிமோத வேண்டியதுதான். பருவம் முடிய இன்னும் ஐந்தே நாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து மலக்கிக்குக் கிடைத்த ஒரே நல்ல குதிரை அது. ஒரு குளிர்காலம் முழுக்க அது புதுமுகமாக ஓடினால் லாயம் பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடவேண்டும். ஜாக்கி ஃபின்டனிடம் முந்தின நாளே சொல்லியாகிவிட்டது: நாலாவதாக வந்தால் போதும்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் இருந்த தொப்பியை மலக்கி தலையில் வைத்தான். கல்லறை வாசலில் நின்ற கூட்டம் தொப்பியைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகக் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார்கள். மழைக்கு வண்டி கூப்பிடுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு மலக்கி காரில் ஏறினான்.

குதிரைகளைச் சுற்றி நடத்துகிற வட்டத்தில்தான் ஃபின்டன் கேட்டான்.

"பாஸ், தலைல என்ன அது?"

மலக்கி கையை வைத்துப் பார்த்தான். தட்டைத் தொப்பி இல்லை.

"காலைல ஒன்னுக்கு இருபது குடுத்தாங்க," என்றான் ஃபின்டன். "இப்ப நாலு. உங்க ஊரே இது மேல பணத்தக் கொட்டிருக்கு. என்ன பண்ணட்டும்? இப்பவே சொல்லிருங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது, துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு. முன்வரிசையில் கிறிஸ்டியின் மனைவி நான்சி. மலக்கி பார்ப்பதைக் கண்டு, தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். மூன்று நாளில் அந்த முகத்தில் வந்த முதல் சிரிப்பு.

ஒரு வார்த்தை போதும். 'ஜெயிச்சிரு' என்றால் ஜாக்கி ஜெயித்துவிடுவான், குதிரையும் தயார். மலக்கி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினான், ஏதோ அதனால் கட்டிய பந்தயமெல்லாம் திரும்பிவிடப் போகிறது மாதிரி.

"சொன்னது சொன்னபடியே," என்றான்.

கில்பாஹா கடைசித் தடையை மூன்றாவதாக, மூச்சு வாங்காமல் தாண்டியது. அதற்குப் பிறகு அதற்கு வேலையே கொடுக்கவில்லை ஃபின்டன். நாலாவது. நடுவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். மழையில் தரை சேறாகிவிட்டது, குதிரை களைத்துவிட்டது என்று மலக்கி சொன்னான். மூன்றே நிமிஷம். நம்பிவிட்டார்கள். இரண்டு கேள்வி கூடக் கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கே இருந்தது.

வெளியே வந்தால் யாராவது ஏசுவார்கள் என்று பார்த்தான். ஒருவரும் ஏசவில்லை. "விடு மலக்கி, கெட்ட நேரம்," என்று முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கூனிப்போனான். கடைசியாக நான்சி வந்தாள்.

"கில்பாஹா மொத தடவ ஜெயிக்கிறப்ப தன் பேர்ல இருபது யூரோ இருக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டே இருந்தாரு. அதான் போட்டேன். பரவால்ல, போகட்டும். காலைல அவரத் தூக்கிட்டு வந்தியே, அத மறக்க மாட்டேன்."

கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். மலக்கிக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தக் கோடை முழுக்க நான்சி வீட்டு வாசலைத் தவிர்த்து இரண்டு மைல் சுற்றிப் போனான். அவள் கொடுத்தனுப்பிய ரூபார்ப் ஜாமைப் பெர்னி ரொட்டியில் தடவி வைத்தால், பசியில்லை என்று எழுந்துவிடுவான். செத்தவனின் கடைசி ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அவன் பெண்டாட்டி கையால் ஜாம் தின்பதா? ஆனால் உண்மையைச் சொல்லவும் இல்லை. அந்தளவுக்கு யோக்கியனாக இருந்தால் ஏப்ரலிலேயே இருந்திருக்கலாமே.

நவம்பரில் புதுமுகப் பந்தயம் வந்தது. மலக்கி தட்டைத் தொப்பியோடு போனான். பழுப்புத் தொப்பியைத் தொடவே வெட்கமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெட்கம் உண்மைதான். அந்த வெட்கத்தால் ஊர் பந்தயம் கட்டாமல் இருந்ததும், ஒன்றுக்குப் பன்னிரண்டு குறையாமல் நின்றதும், அந்த விலையில் மச்சான் கையால் அவன் ரகசியமாகப் பணம் போட்டிருந்ததும்கூட உண்மை.

கில்பாஹா ஆறு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். சீட்டு இல்லாத கையால் கைதட்டினார்கள். போட்டோவுக்காகக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பக்கத்தில் நான்சி வந்தாள். அவள் விரலிடுக்கில் ஒரு சீட்டு இருந்தது.

"நீங்க... கட்டுனீங்களா?" என்றான் மலக்கி. "நான் தொப்பி போட்டுட்டு வரலையே."

"தொப்பியப் பாக்கல. இருபது யூரோ, அவர் பேர்ல."

"இன்னிக்கு ஜெயிக்கும்னு எப்படித் தெரிஞ்சது?"

"அன்னிக்கு நீ அத ஓட விடலன்னு ஏப்ரல்லயே தெரிஞ்சது. குதிரைக் காலப் பாக்காத, ஜாக்கி முழங்கையப் பாருன்னு கிறிஸ்டி சொல்லிச் சொல்லிக் காது புளிச்சிருக்கு எனக்கு. கடைசித் தடைக்கு அப்புறம் அந்தப் பையன் முழங்கை ரெண்டும் சர்ச்சுல உக்காந்த மாதிரி அசையாம இருந்துச்சு."

சுற்றி வந்த அந்த இரண்டு மைலும், வேண்டாமென்று எழுந்த ரொட்டியும், அன்று குலுக்கிய கையும் ஒன்றாக வந்து மலக்கியின் நெஞ்சில் ஏறின.

"அப்புறம் ஏன் அன்னிக்கு என்கிட்ட ஒன்னுமே கேக்கல?"

"ஊரே சுத்தி நின்னுச்சு. காலைல என் புருஷனத் தூக்கின தோளு. அவங்க முன்னாடி வெச்சு உன்ன என்ன கேக்கச் சொல்ற?" குதிரையின் கழுத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "பன்னெண்டு நல்ல விலைதான். உனக்கும் கெடச்சிருக்கும்."

அவன் தலை தானாகக் குனிந்தது. போட்டோக்காரர் இங்கே பாருங்கள் என்று இரண்டு தரம் கூப்பிட்டார்.

"பெர்னிகிட்ட சொல்லிரு," என்றாள் நான்சி, போகிற போக்கில். "இனிமே சாவுக்கு இந்தப் பழைய தொப்பியவே போட்டு அனுப்பட்டும். நாத்தம் அடிச்சாப் பரவால்ல."

பணம் வாங்குகிற வரிசையில் மலக்கியின் மச்சானுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.