ஒட்டிக்கொண்ட கழுத்து

காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையை விழுங்கும்போதுதான் புவனேஸ்வரி அதைக் கண்ணாடியில் பார்த்தாள். தண்ணீர் இறங்கும்போது, கழுத்தின் குறுக்கே இருந்த தழும்பு தோலோடு மேலே ஏறி, குழி விழுந்து, மறுபடி இறங்கியது. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. வலி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அந்த இழுப்பு இருந்தது.

தப்பு அவளுடையதுதான். கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போதே, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பு, அண்ணாந்து பார், தையல் ஆறியதும் எண்ணெய் தொட்டுத் தழும்பை நீவிவிடு, நாலு பேரிடம் பேசிக்கொண்டிரு என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். புவனேஸ்வரி பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடித் தீர்ந்துபோன பாவின் நூல்முனையோடு புதுப் பாவின் முனையைச் சாம்பல் தொட்டு முறுக்கியே இத்தனை வருஷம் சோறு தின்றவள். முடிச்சுக் கிடையாது, வெறும் முறுக்குத்தான். அதைத் தறி அச்சின் பல்லிடுக்குக்குள் இழுத்து முடிக்கும்வரை தறிப் பக்கம் யாரையும் மூச்சுவிடக்கூட விடமாட்டாள். அசைந்தால் விட்டுவிடும். தன் கழுத்தையும் அப்படித்தான் காத்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பினாள்.

கூப்பிடத்தான் யார் இருந்தார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மகள் சுகாசினி ஓசூரிலிருந்து வந்து கூட இருந்துவிட்டு, லீவு முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். தினமும் போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பாள், இவள் ஊம் கொட்டுவாள், அத்தோடு சரி. வேலைக்கும் போகாததால், இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்பது சில நாள் பொழுது சாயும்போதுதான் நினைவுக்கு வரும். பழகிப்போனதால் அது ஒரு குறையாகவே அவளுக்குப் படவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் கிரேஸ் தழும்பின்மேல் விரலை வைத்து நகர்த்திப் பார்த்தாள். தோல் நகரவில்லை. அடியில் சதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றாள். இனியாவது விடாமல் நீவினால் இளகலாம், இல்லாவிட்டால் மறுபடி திறந்து பிரித்துவிட வேண்டிவரும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மறுபடி கத்தியா என்று நினைத்தாள் புவனேஸ்வரி. போன முறை கையெழுத்துப் போடவாவது மகள் பக்கத்தில் இருந்தாள்.

"ஏம்மா, வூட்ல யார்கிட்டயாவது பேசிக்கினு இருக்க மாட்டீங்களா?" என்று கிரேஸ் கேட்டாள்.

"யாரும்மா இருக்கறாங்க, பேசறதுக்கு?"

கிரேஸ் விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை அங்கேயே இருக்கக்கூடாதா என்று புவனேஸ்வரி நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அதே தெருவில் தறி போட்டிருக்கும் குப்புசாமி வீட்டுப் பாவைத் தெருவில் நீட்டியிருந்தார்கள். கஞ்சி தெளித்த பட்டு நூலை, காய்வதற்குள் இருபக்கமும் ஆட்கள் நின்று பிரித்துவிட வேண்டும். சும்மா விட்டால் இழையோடு இழை ஒட்டிப் பாவே பாழ். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது. தன் கழுத்து பிணைத்த பாவு இல்லை, கஞ்சி போட்ட பாவு. இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தும் இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கும் அவசரத்தில் குப்புசாமி பேசாமல் நகர்ந்து இடம் விட்டார்.

ஈர நூலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

"அக்கா, எப்படிக்கா இருக்கீங்க? பாத்து எவ்ளோ நாளாச்சு."

இரண்டு கையும் நூலில் இருந்தன. உடம்போடு திரும்ப வழியில்லை. புவனேஸ்வரி கழுத்தை மட்டும் திருப்பினாள். தழும்பு சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மோவாய் தோளுக்கு நேராக வரும்வரை திருப்பி, "இருக்கறேம்மா" என்றாள். குரல் கரகரத்தது.

வண்டியில் வந்த பெண் எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இரண்டு பக்கமும் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கிரேஸ் சொல்லியிருந்தாள். புவனேஸ்வரி மெதுவாக மறுபக்கம் திரும்பினாள். அங்கே காலித் தெருதான் இருந்தது. சொன்னபடி கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.