முதலில் பார்த்தவன்

கரடியைச் சுட்டவனுக்குத் தோல் கிடையாது. அதை முதலில் கண்ணால் பார்த்தவனுக்குத்தான் தோல், கறி ஊருக்கு. கிரீன்லாந்தின் வடகோடியில் இந்த வழக்கத்தை ஏற்படுத்திய பெரியவர், நிச்சயமாகக் குறி வைக்கத் தெரியாதவராகத்தான் இருந்திருப்பார்.

மித்தெக் அவரை மனதுக்குள் வைதுகொண்டே, தான் சுட்ட கரடியின் பக்கத்தில் கத்தியோடு நின்றான். அவன் போட்டிருந்த கரடித்தோல் கால்சட்டை தொடைப் பக்கம் மொட்டையாகிவிட்டது. புதிது தைக்காவிட்டால் உறைந்த கடல்மேல் வேட்டைக்குப் போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். அந்த வேலையை அவன் மனைவியின் அண்ணன் அக்கியோக் ஏற்கெனவே குறைவில்லாமல் செய்துவந்தான்.

அந்த அக்கியோக்தான் இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஊரும் வந்தது, கறிக்கு.

"தோலைப் பாத்து உரி மச்சான். எனக்குக் கிழிசல் ஆகாது."

"உனக்கா? பனிப்பாறைக்குப் பின்னாடி இது எந்திரிச்சப்பவே நான் பாத்துட்டேன்."

"அதுக்கு முன்னாடியே நான் சன்னல்லேர்ந்து பாத்தேன்."

"காலையில நாய்வண்டி பூட்டுறப்பவே பாத்தேன் நான்."

பொய்தான். காலையில் மித்தெக் பார்த்தது வெறும் கால்தடம்.

"நான் நேத்தே பாத்தேன்" என்றான் அக்கியோக். "உன் நாய்ங்களைக் கட்டியிருந்தியே, அங்கதான் நின்னுச்சு."

நேற்று ஊரே கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கரடி வந்து மித்தெக்கின் வண்டியை முன்னால் நின்று இழுக்கும் தலைநாயைக் கிழித்துப் போட்டிருந்தது. முழங்கால் வலி என்று அக்கியோக் மட்டும் கோயிலுக்கு வரவில்லை.

மித்தெக்கின் மனைவி தூக்குமெக் முன்னால் வந்தாள். "நாய் அலறுனப்ப வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்தே, அண்ணே? ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"எல்லாரும் சாமி கும்பிடுறப்ப கத்துறது மரியாதையா?"

"சரி மச்சான்" என்றான் மித்தெக். "நீதான் முதல்ல பாத்தே. தோலை எடுத்துக்கோ. செத்த நாய்க்குப் பதிலா உன் தலைநாயை நான் அவுத்துட்டுப் போறேன்."

அக்கியோக்கின் வீட்டில் உழைத்துச் சாப்பிடுகிற உயிர் அது ஒன்றுதான். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"நேத்து பாத்தது பனிக்குவியலா இருக்கும். கண்ணு முந்தி மாதிரி இல்ல."

"நாயைக் கடிச்ச பனிக்குவியல்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மித்தெக் கரடியின் தோலில் கத்தியை இறக்கினான். உரித்த தோலைத் தூக்குமெக் அவன் இடுப்பில் வைத்து அளந்தாள்.

"உங்களுக்குத் தைச்சது போக இன்னொண்ணு வரும்."

"மச்சானுக்கா?"

"அவருக்கு எதுக்கு? முழங்கால் வலியோட எங்க போகப்போறாரு."