மோட்டாருக்கு எண்ணெய்க் குளியல்

தென்காசி ஆறுமுகநயினார் வாழ்க்கையில் தப்பே செய்ததில்லை. நடந்த தப்பெல்லாம் அடுத்தவர்களுடையது. நாற்று அழுகினால் வாய்க்கால் தண்ணீரின் குற்றம். வழக்குத் தோற்றால் வக்கீலின் குற்றம். மகள் தங்கபுஷ்பத்துக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் பாதியில் முறிந்ததுகூட, அவர் சொன்ன வார்த்தையை மாப்பிள்ளை வீட்டார் கோணலாக எடுத்துக்கொண்ட குற்றம்தான். சுற்றிலும் இத்தனை குற்றவாளிகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நெற்றி நிறைய விபூதியோடு நிம்மதியாக உலவினார் என்றால் அது சாமானியக் காரியமா?

அப்படிப்பட்டவர் ஒரு மோட்டார் வாங்கினார். செங்கோட்டைக்கு மேலே மலைத்தோட்டத்தில் இருந்த துரை, சீமைக்குக் கப்பலேறும் முன் விற்றுவிட்டுப் போன வண்டி. அதில் ஹீட்டர் இருந்தது. எஞ்சினில் சூடான தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக உள்ளே வந்து, காலடியில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் சுற்றிவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். பெட்டியின் விசிறி சுழன்றால் வெதுவெதுப்பான காற்று வரும். சித்திரையில் காக்கையும் பறக்கத் தயங்குகிற ஊரில் இப்படி ஒரு சாதனம் வாங்கிய முதல் ஆள் தாம்தான் என்று நயினாருக்குத் தலைகால் புரியாத பெருமை. கடைசி ஆளும் அவர்தான் என்று ஊர் பேசிக்கொண்டது அவர் காதுக்கு வரவில்லை.

ஆனால் யானைக்கு ஒரு காலம் என்றால் ஹீட்டருக்கும் ஒரு காலம் வராதா? ஆனி மாதம் சாரல் கட்டியது. கடையத்துச் சங்கரபாண்டி, போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் மகனுக்குத் தங்கபுஷ்பத்தைக் கேட்டு ஆள் விட்டிருந்தார். நல்ல குடும்பம், நல்ல பையன். இன்ஸ்பெக்டருக்கு இருந்த ஒரே குறை சளி. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்தும் அருவியில் தலை நனைக்கக் கொடுத்துவைக்காத மனிதர்.

"குளிச்சிட்டு வெளிய வந்த கையோட நம்ம வண்டிக்குள்ள ஏறிக்கிடுங்க அண்ணாச்சி. அடுப்பங்கரை கெணக்கா இருக்கும். சளி கிட்ட அண்டாது" என்று நயினார் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி இன்ஸ்பெக்டரும் சம்மதித்தார். அருவியில் குளிப்பது, குற்றாலநாதரைக் கும்பிடுவது, அப்படியே தென்காசி வந்து பெண்ணைப் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் காலையில் ஹீட்டரைத் திருகினால், வாடைக்காற்று வந்தது.

மகள் மேல் நயினாருக்கு உயிர்; அதில் கேலிக்கு இடமில்லை. இதுவும் தட்டிப்போனால் ஊர் பெண்ணைத்தான் குறை சொல்லும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே உடனடியாகத் திட்டத் தொடங்கினார். முதலில் துரையை, அப்புறம் டிரைவர் செல்லச்சாமியை.

"விசிறி சுத்துது முதலாளி. காத்தும் வருது. சூடுதான் இல்ல" என்றான் செல்லச்சாமி.

"காத்து எனக்குத் தெரியாதாலே? அதுக்கு மரத்தடியில போயி உக்காந்தா போதாதா?"

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்றான் செல்லச்சாமி. வாய்க்கால் கரைச் சரிவில் வண்டியின் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டார்கள். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. ஹீட்டர் ஒரு நிமிடம் வெதுவெதுத்துவிட்டு மறுபடியும் விறைத்துக்கொண்டது. நயினாரும் தம் பங்குக்கு விஞ்ஞானம் செய்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். திருஷ்டி கழிந்திருக்கலாம். சூடு வரவில்லை.

கடைசியில் பஸ் பட்டறையிலிருந்து காஜா வந்தான். இரண்டு ரப்பர் குழாயையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தான்.

"உள்ள போற குழாய் கொதிக்கி. திரும்புத குழாய் சில்லுன்னு இருக்கு. நடுவுல பெட்டிக்குள்ள அடைச்சிருக்கு மொதலாளி. தண்ணியத் தவிர வேற எதுவும் ஊத்துனியளா? எண்ணெய் கிண்ணெய்? எண்ணெய்னா வெறுந்தண்ணிக்குப் போவாது. சலவைச் சோடாவக் கரைச்சுக் கழுவணும். ரப்பரும் ஊறிப்போயிருக்கும், மாத்தணும்."

செல்லச்சாமி முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முதலாளி மேற்கே மலையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். போன மாதம் ஐந்தருவி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. நயினார் வண்டியைச் சுற்றி வந்து, "உடம்புல சூடு ஏறிட்டு. எண்ணெய் வைக்காம சூடு எப்படிலே எறங்கும்?" என்று தீர்ப்புச் சொன்னார். அருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கியிடம், மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உழக்கு உழக்காக வாங்கி, தம் கையாலேயே ரேடியேட்டருக்குள் விட்டார். மேலே அருவித் தண்ணீர். செல்லச்சாமி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குள் எஞ்சின் தானாகவே ஆறியிருந்தது, வண்டி கிளம்பிவிட்டது. 'பாத்தியாலே' என்று இசக்கியின் முதுகில் தட்டிவிட்டு வந்தார் நயினார்.

இப்போது காஜா கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும். அந்த வார்த்தை அவர் வீட்டு அகராதியில் இல்லை.

"என்னத்த ஊத்துவாக? அருவித் தண்ணிதான். மண்ணு அடைச்சிருக்கும்" என்றார்.

மண்ணுக்கு உண்டான வைத்தியத்தைக் காஜா செய்தான். தண்ணீரைப் பின்பக்கமாக அடித்துப் பீய்ச்சினான். கொஞ்சம் கசடு வந்தது, கொஞ்சம் சூடும் வந்தது. அவன் கசடை மோந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தான். நயினார் பார்த்த பார்வையில் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் இசக்கியிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஆசை தீர அருவியில் நின்று, பல் தந்தியடிக்க வந்து முன் ஸீட்டில் ஏறினார். நயினார் பின்னால் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தார். செல்லச்சாமி ஹீட்டரைத் திருகினான். நயினார் தமக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். வந்தது, வெதுவெதுப்பான காற்று.

"அடடே, சொகமா இருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர்.

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்கு எந்தக் கொட்டகைக்காரனைச் சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். பந்தக்கால் நடுவதற்குள், எண்ணெயில் ஊறி உப்பியிருந்த ரப்பர் குழாய் சடக்கென்று கழன்றது. கொழகொழவென்று, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் இன்ஸ்பெக்டரின் இரண்டு கால்களிலும் கொட்டியது. அவர் காலை ஸீட்டின் மேல் தூக்கிக்கொண்டார். செல்லச்சாமி வண்டியை ஓரங்கட்டினான்.

இன்ஸ்பெக்டர் காலைத் தடவி விரலை மோந்து பார்த்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"நல்லெண்ணெய். மிளகு, சீரகம் எல்லாம் போட்டிருக்கு. இது எப்படி அண்ணாச்சி மோட்டாருக்குள்ள வந்துது?"

சிரிப்பு நயினார் கண்ணில் படவில்லை. காக்கிச்சட்டைக் குரல்தான் காதில் விழுந்தது.

"எல்லாம் இந்தச் செல்லச்சாமிப் பய வேலை. நான் அத்தன சொல்லியும் கேக்காம ஊத்தியிருக்கான், அறிவுகெட்ட மூதி."

இன்ஸ்பெக்டர் செல்லச்சாமி பக்கம் திரும்பினார். "நீயா ஊத்துன?"

செல்லச்சாமிக்கு வீட்டில் உலை வைக்கிற கவலை இருந்தது. "ஆமாய்யா" என்றான் ஸ்டியரிங்கைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. துண்டால் காலைத் துடைத்தார். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது.

"செய்யாத குத்தத்த ஒத்துக்கிடுதவன் மூஞ்சிய நான் நெறையப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. அத ஒத்துக்கிட வச்சவன் மூஞ்சியவும் பாத்திருக்கேன். இசக்கி எண்ணெய் தேய்க்கையிலயே எல்லாத்தயும் சொல்லிட்டான். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சிட்டு. இப்படி ஒரு மனுசன் சம்மந்தியா வந்தா நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்களே சொல்லுவிய, சேந்து சிரிப்போம்னு வந்து ஏறினேன்."

கதவைத் திறந்து ஈரத்தில் இறங்கினார்.

"அண்ணாச்சி, சளி புடிச்சிரும்" என்றார் நயினார்.

"புடிச்சா புடிச்சிட்டுப் போவுது. நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன்."

வீட்டில் வடை சுட்டு முடித்திருந்தார்கள். குழாயைத் துணியால் கட்டி ஓட்டிவந்த வண்டியிலிருந்து வாசலில் இறங்கியது நயினார் மட்டும்தான் என்று கண்டதும் மனைவி பார்வதியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவுகள எங்க? என்ன சொன்னாக?"

"ஹீட்டரு கெட்டுப்போச்சு. எல்லாம் இந்தச் செல்லச்சாமியால" என்றார் நயினார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தங்கபுஷ்பம் உள்ளே போய், பட்டுச் சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.